பதிவேட்டில் முதல் பெயர்

  

மே 12 அன்று என் கைபேசி முழுக்க ஒரே படம்தான். பழைய மாணவர் குழு, பயிற்சிப் பள்ளித் தோழிகள் குழு, நம் குடும்பக் குழு என்று எதைத் திறந்தாலும் கைவிளக்கேந்திய காரிகை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் பிறந்த நாளைத்தான் உலகமே செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது. உங்களில் பல பேருக்கு அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். போர்க்களம், விளக்கு, காயம்பட்ட வீரர்கள் என்று நீங்கள் ஒப்பித்ததெல்லாம் இன்னும் காதில் கேட்கிறது.

இந்த நாளுக்குப் பின்னால் பலருக்கும் தெரியாத ஒரு சேதி இருக்கிறது. மே 12-ஐச் செவிலியர் தினமாக 1974-ல் தேர்ந்தெடுத்தது சர்வதேச செவிலியர் மன்றம். அந்த மன்றத்தை 1899-ல் தொடங்கியவர் வேறொரு அம்மையார். அவர் பெயர் எதெல் கார்டன் ஃபென்விக். அவரும் நைட்டிங்கேலும் ஒரு பெரிய விஷயத்தில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். நாட்டில் உள்ள நர்சுகளின் பெயரைச் சட்டப்படி ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றார் ஃபென்விக். வேண்டாம் என்றார் நைட்டிங்கேல். வேண்டாம் என்றவரின் பிறந்த நாளை, வேண்டும் என்றவர் தொடங்கிய மன்றம் கொண்டாடுகிறது. வரலாறு சில நேரம் இப்படியும் செய்யும்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் நர்சாகப் போனவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. சென்னையில், மதுரையில், கேரளத்தில், சவூதியில், லண்டனில் என்று இருக்கிறீர்கள். நம் குடும்பத்திலும் என் அண்ணன் பேத்தி இப்போதுதான் படிப்பை முடித்திருக்கிறாள். "வேலை தெரிஞ்சா போதாதா ஆச்சி, எதுக்கு இந்த ரெஜிஸ்ட்ரேஷன், இவ்வளவு காகிதம், இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. 1880-களின் இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். தடுக்கச் சட்டம் கிடையாது. நைட்டிங்கேல் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, பல மருத்துவமனைகள் தங்கள் பங்குக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி, இன்னொன்றில் இரண்டாண்டு, மற்றொன்றில் மூன்றாண்டு. எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம் இல்லை, பொதுத்தேர்வும் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தானே பாடம் சொல்லி, தானே தேர்வு வைத்து, தானே சான்றிதழ் கொடுத்தது.

இதில் ஏமாந்தவர்கள் யார்? வசதியுள்ளவர்கள் அந்தக் காலத்தில் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். நோயாளியைக் கவனிக்க வீட்டுக்கு நர்ஸ் வருவார். வந்தவர் மூன்று வருஷம் படித்தவரா, மூன்று மாதம் வார்டு பெருக்கியவரா, சீருடை மட்டும் தைத்துப் போட்டுக்கொண்டவரா என்று வீட்டுக்காரருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மருத்துவர்களுக்கு மட்டும் 1858-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டைப் பார்த்தால் யார் டாக்டர், யார் போலி என்று தெரிந்துவிடும். இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் இருக்கிற நர்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஃபென்விக் கண்ணில் பட்டது இந்தக் குறைதான்.

ஸ்காட்லாந்தில் எல்ஜின் என்ற ஊருக்கு அருகில் 1857 ஜனவரி 26 அன்று பிறந்தவர் அவர். நம் குடியரசு தினத் தேதி. நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். பிறந்த வீட்டுப் பெயர் எதெல் கார்டன் மேன்சன். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஸ்டோரர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வசதியான குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண் வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் 21 வயதில் நாட்டிங்காம் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி நர்சாகச் சேர்ந்தார். அங்கிருந்து மான்செஸ்டர், பிறகு லண்டன்.

1881-ல் லண்டனின் மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்றான செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனைக்கு மேட்ரன் ஆனார். வயது 24! அந்த வயதில் நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கவே திணறிக்கொண்டிருந்தேன். அவர் நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் நர்சுகள் அத்தனை பேருக்கும் தலைவி. அங்கே பயிற்சிக் காலத்தை மூன்றாண்டாக உயர்த்தினார். மூன்று வருஷம் இல்லாமல் ஒரு நர்ஸ் முழுமையாக உருவாக முடியாது என்பது அவர் கடைசிவரை பிடித்த பிடி.

1887-ல் டாக்டர் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். திருமணமான பெண் மேட்ரனாகத் தொடர முடியாது என்பது அன்றைய வழக்கம். பதவியை விட்டார். ஆறு ஆண்டுகளோடு முடிந்தது அவருடைய மேட்ரன் வேலை. போராட்டம் அதே ஆண்டில் தொடங்கியது.

அந்தச் சமயம் மருத்துவமனை நிர்வாகிகளின் சங்கம் ஒன்று நர்சுகளுக்குப் பட்டியல் போட முன்வந்தது. ஓராண்டுப் பயிற்சி போதும் என்றது. எதெலும் அவரோடு நின்ற மேட்ரன்களும் மூன்றாண்டு வேண்டும் என்றார்கள். உடன்பாடு வரவில்லை, இவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். லண்டன் அப்பர் விம்போல் தெருவில், 20-ஆம் எண் உள்ள அவர் வீட்டில் கூட்டம் கூடியது. பிரிட்டிஷ் செவிலியர் சங்கம் பிறந்தது. விக்டோரியா ராணியின் மகள் இளவரசி கிறிஸ்டியன் தலைவியாக இருக்கச் சம்மதித்தார். கோரிக்கை ஒன்றுதான். மூன்றாண்டு பயிற்சி, பொதுவான தேர்வு, அதில் தேறியவர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில்.

நைட்டிங்கேல் அப்போது 67 வயதுப் பெரியவர். வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஆனால் அவர் எழுதும் ஒரு கடிதத்துக்கு அமைச்சர்களே பதில் சொல்லும் செல்வாக்கு இருந்தது. அந்தச் செல்வாக்கு முழுவதையும் பதிவேட்டுக்கு எதிராகப் பயன்படுத்தினார்.

அவர் சொன்ன காரணத்தை நாம் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. நோயாளியின் முகம் பார்த்து வலியை அறிவது, நடுராத்திரியில் பொறுமை இழக்காமல் இருப்பது, பொய் சொல்லாமல் இருப்பது, இவையெல்லாம் குணம். குணத்துக்கு எப்படித் தேர்வு வைப்பது? இன்று தேறியவள் பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருப்பாள் என்று பதிவேடு சொல்லுமா? ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதுவே போதும் என்று ஆகிவிடாதா? அவளோடு கூடவே இருந்து பார்த்த மேட்ரனுக்குத்தான் அவள் தரம் தெரியும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

நாற்பது வருஷத்துக்குக் கிட்ட வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் இந்த வாதத்தின் பலம் எனக்குப் புரிகிறது. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். நான் நல்ல ஆசிரியை என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் வகுப்புக்குள் போய் நிற்க இவள் தகுதி பெற்றவள், பிள்ளையை நம்பி அனுப்பலாம் என்று முன்பின் தெரியாத ஒரு தாய்க்கு அது சொல்கிறது. பதிவேட்டின் வேலை அவ்வளவுதான். நல்லவரை அது உருவாக்காது. தகுதி இல்லாதவர் வாசலுக்குள் வராமல் காக்கும். மேட்ரனுக்குத் தன் நர்ஸைத் தெரியும், சரி. மேட்ரனையே தெரியாத ஊரில், காய்ச்சலில் கிடக்கும் மகனுக்கு நர்ஸ் அமர்த்துகிற தாய் என்ன செய்வாள்? நைட்டிங்கேல் வாதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

எதிர்த்தவர்கள் எல்லாரும் நைட்டிங்கேலைப் போலக் கொள்கைக்காக எதிர்த்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சி நர்ஸ் என்றால் மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் உழைப்பு. லண்டன் மருத்துவமனையில் பயிற்சி இரண்டாண்டுதான். அதன் நர்சுகளைத் தனியார் வீடுகளுக்கு அனுப்பி நிர்வாகம் கட்டணம் வாங்கியது. பயிற்சி இத்தனை ஆண்டு, பாடம் இது என்று வெளியிலிருந்து ஒரு சபை சட்டம் போட்டால் இந்த வசதியெல்லாம் போய்விடும். அந்த மருத்துவமனையின் தலைவர் சிட்னி ஹாலண்டும் மேட்ரன் ஈவா லக்ஸும் பதிவேட்டின் மிகப் பெரிய எதிரிகளாகக் கடைசிவரை நின்றார்கள்.

1893-ல் செவிலியர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. வெற்றிதான். ஆனால் உள்ளே ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள். ‘பதிவேடு’ என்று கேட்டிருந்தார்கள். சாசனத்தில் இருந்தது ‘பட்டியல்’. பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். பேரம் பேசுகிறவர்கள் ஒரே ஒரு சொல்லில் முப்பது வருஷத்தைத் தின்றுவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சில ஆண்டுகளில், தான் தொடங்கிய அந்தச் சங்கத்திலேயே எதெலின் கை தாழ்ந்தது. சங்கமே அரசுப் பதிவு வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. ‘நர்சிங் ரெக்கார்ட்’ என்ற பத்திரிகையை 1893-ல் கணவரும் அவரும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் அது ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நர்சிங்’ என்று பெயர் மாறியது. முதுமை வரைக்கும் அவரே ஆசிரியர். மேட்ரன்களுக்கு ஒரு சபை, அரசுப் பதிவுக்கென்றே 1902-ல் ஒரு சங்கம், 1899-ல் நான் முதலில் சொன்ன சர்வதேச மன்றம். அந்த மன்றத்தின் முதல் தலைவியும் அவரே. நம் இந்தியச் செவிலியர்கள் அதில் 1912-லேயே சேர்ந்துவிட்டார்கள்.

இங்கிலாந்து தயங்கிக்கொண்டிருக்க, மற்ற இடங்கள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவில் கேப் காலனி 1891-லேயே மருத்துவச் சட்டத்துக்குள் நர்சுகளின் பதிவையும் சேர்த்தது. வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் பணியாற்றிய சகோதரி ஹென்ரியட்டா ஸ்டாக்டேலின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. நர்சுகளுக்கென்றே தனிச் சட்டம் போட்ட முதல் நாடு நியூசிலாந்து. ஆண்டு 1901. அதற்குக் காரணமாக இருந்த கிரேஸ் நீல் என்ற அம்மையார் 1899-ல் லண்டனில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு வந்தவர். ஃபென்விக் குழுவினரின் பதிவேட்டுக் கோரிக்கையை அங்கே கேட்டு, ஊர் திரும்பி இரண்டே ஆண்டில் சட்டமாக்கிக் காட்டிவிட்டார். 1902 ஜனவரி 10 அன்று எலன் டக்ஹர்டி என்பவர் அங்கே முதல் பதிவு பெற்ற செவிலியர் ஆனார்.

ஒன்றைக் கவனியுங்கள். நியூசிலாந்தில் பெண்களுக்கு 1893-லேயே ஓட்டுரிமை. இங்கிலாந்தில் கிடையாது. தன் தொழிலைப் பற்றிய சட்டத்துக்கு ஃபென்விக் ஓட்டுப் போட முடியாது, சபையில் எழுந்து பேசவும் முடியாது. யாராவது ஒரு ஆண் உறுப்பினரைப் பிடித்து, அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவர் வாயால்தான் பேச வேண்டும். 1904-லிருந்து மசோதா திரும்பத் திரும்ப மக்களவைக்கு வந்தது. 1904-ல் ஒரு தேர்வுக் குழுவே அமைத்தார்கள். 1905-ல் அந்தக் குழு, பதிவேடு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அசையவில்லை.

இந்த இடத்தில் நம் ஊருக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். 1900 முதல் 1906 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஆம்ப்டில் பிரபு. கர்சன் பிரபு விடுப்பில் போனபோது 1904-ல் சில மாதங்கள் வைஸ்ராயாகவும் இருந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக லண்டனில் குரல் கொடுத்தவர். காந்தியடிகளைப் பற்றி ஜோசப் டோக் எழுதிய முதல் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு முன்னுரை எழுதியவரும் இவரே. சென்னையிலிருந்து ஊர் திரும்பிய இவர்தான் 1908-ல் செவிலியர் பதிவு மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தார். சபை அதை நிறைவேற்றியது. மேல்சபையில் ஜெயித்த மசோதா மக்களவையில் நேரம் ஒதுக்கப்படாமலே செத்தது. ஒரு மசோதாவைக் கொல்ல எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதில்லை, நேரம் கொடுக்காமல் விட்டாலே போதும்.

1910-ல் நைட்டிங்கேல் காலமானார். 1914-ல் உலகப் போர் வந்தது. சில வாரப் பயிற்சியோடு ஆயிரக்கணக்கான தொண்டர் பெண்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்கள் செய்த சேவையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போர் முடிந்ததும், யார் நர்ஸ், யார் தொண்டர் என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது என்று எல்லாருக்கும் புரிந்தது. இடையில் 1916-ல் செவிலியர் கல்லூரி என்ற புதிய அமைப்பு உருவாகி, அதுவும் பதிவு வேண்டும் என்றது. இரு தரப்புக்கும் கோரிக்கை ஒன்று, ஆனால் மசோதா இரண்டு. ஒரு தரப்பு எழுதியதை மறுதரப்பு ஏற்காது. 1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பகுதிக்கு ஓட்டுரிமை கிடைத்திருந்தது. இனி இவர்கள் வாக்காளர்கள்!

கடைசியில் சுகாதார அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் இரண்டு மசோதாக்களையும் ஓரமாக வைத்துவிட்டு அரசின் சார்பில் தானே ஒன்றைக் கொண்டுவந்தார். 1919 டிசம்பர் 23 அன்று அது சட்டமானது. பெண் என்ற காரணத்துக்காகத் தொழில்களிலிருந்து விலக்கக் கூடாது என்ற சட்டமும் அதே நாளில்தான் கையெழுத்தானது. மூன்று வாரம் முன்புதான் நான்சி ஆஸ்டர் என்ற அம்மையார் அந்த நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக வந்து உட்கார்ந்திருந்தார். 1887-லிருந்து கணக்குப் போட்டால் 32 ஆண்டுகள். எதெலுக்கு அப்போது 62 வயது. நமக்கு ஓய்வு கொடுத்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வயது.

சட்டத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. சட்டங்களில் அப்படி ஒருவர் பெயரை எழுதுவதும் இல்லை. ஆனால் அந்தச் சட்டப்படி அமைந்த பொதுச் செவிலியர் சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. பதிவுக் குழுவின் தலைவியும் அவரே. பதிவேடு திறந்தது. 1921 செப்டம்பர் 30 என்ற தேதியில் முதல் வரியில் ஏறிய பெயர் எதெல் கார்டன் ஃபென்விக். பதிவு எண் 1. மேட்ரன் வேலையை விட்டு 34 ஆண்டு கழித்து, 64 வயதில் அவர் அரசுப் பதிவு பெற்ற செவிலியர் ஆனார். நாடாளுமன்றம் அவருக்குச் செய்த மரியாதை என்று நான் நினைப்பது இந்த ஒற்றை வரியைத்தான். ‘டேம்’ பட்டம் அவர் பெயருக்கு முன்னால் இல்லை. அந்த எண் இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் வரலாறு சொல்கிறவள் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

புதிய சட்டப்படி, ஏற்கெனவே வேலையில் இருக்கும் நர்சுகள் தங்கள் பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பங்கள் குவிந்தன. ஃபென்விக் ஒவ்வொரு தாளையும் தானே துருவினார். இந்தச் சான்று போதாது, அந்தக் கையெழுத்து சரியில்லை என்று திருப்பினார். வேலை தேங்கியது. ஊரெல்லாம் முணுமுணுப்பு. சபை உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் ஒரு கட்டத்தில் ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார்கள். பிறகு பதிவு பெற்ற செவிலியர்களே ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் வந்தது. ஃபென்விக் தோற்றார். அவர் முப்பத்திரண்டு வருஷம் போராடி வாங்கிக்கொடுத்த ஓட்டு அது. அந்த ஓட்டாலேயே அவரை வெளியே அனுப்பினார்கள்.

நன்றி கெட்டவர்கள் என்று உங்களுக்குத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கோட்டையைப் பிடிக்கும்வரை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் தேவைப்பட்டது. பிடித்த பிறகு, உள்ளே வர வரிசையில் நிற்கிறவர்களிடம் கொஞ்சம் கனிவு தேவைப்பட்டது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருப்பது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்கு, படித்த நல்ல குடும்பத்துப் பெண்களின் தொழிலாக நர்சிங் உயர வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஏழை வீட்டிலிருந்து வந்து, சின்ன ஊர் மருத்துவமனையில் அரைகுறைச் சான்றிதழோடு பத்து வருஷம் உழைத்த நர்ஸின் கஷ்டம் அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களும்தான் ஓட்டுப் போட்டார்கள். பதிவேடு என்றால் பெயர் நீக்கவும்தான் சேர்க்கவும்தான் என்பதை அவர்கள் அவருக்கே நினைவூட்டிவிட்டார்கள்.

தோற்றாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1947 மார்ச் 13 அன்று 90 வயதில் காலமானார். அப்பர் விம்போல் தெரு வீட்டுச் சுவரில் 1999-ல் நீல நிற நினைவுப் பலகை வைத்தார்கள். லண்டனில் இருக்கும் என் மாணவிகள் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கிலாந்தில் சட்டம் வந்து ஏழாவது ஆண்டில், 1926-ல், சென்னை மாகாணம் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றியது. இன்றும் நம் மாநிலத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்துச் சென்னையில் உள்ள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்கிறீர்களே, அதற்கு வேர் அந்தச் சட்டம்தான். உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் ஆர்.என்.ஆர்.எம். என்ற நான்கு எழுத்துகளில் இரண்டு தடவை வருகிற அந்த ‘ஆர்’ பதிவைத்தான் குறிக்கிறது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. ஃபென்விக் இறந்ததும் அதே ஆண்டில்தான். இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு பதிவேடு என்பது அதில் உள்ள முக்கியமான ஏற்பாடு.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, மூப்புக்காகக் காத்திருந்த தலைமுறை நாங்கள். பதிவு எண் என்றாலே எங்களுக்கு வரிசையும் காத்திருப்பும்தான் ஞாபகம் வரும். செவிலியர் பதிவு எண் அப்படிப்பட்டதில்லை. அது இரண்டு பக்கமும் காவல் காக்கிறது. முன்பின் தெரியாத நோயாளிக்கு, இவர் கையில் ஊசியை நம்பிக் கொடுக்கலாம் என்கிறது. நர்சுக்கு, நீ யாருடைய தயவிலும் இங்கே நிற்கவில்லை, படித்துத் தேறி நிற்கிறாய் என்கிறது. நிர்வாகி கோபப்பட்டால் வேலையிலிருந்து அனுப்பலாம். ஆனால் உன்னை நர்ஸ் இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் விசாரணை வேண்டும், காரணம் வேண்டும். மேட்ரன் கொடுக்கும் நற்சான்றை மட்டும் நம்பி வாழ்ந்த காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. என் அண்ணன் பேத்திக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அலைச்சலைப் பார்க்காதே கண்ணு, அந்த எண்ணுக்காக ஒரு பெண் தன் முப்பதாவது வயதிலிருந்து அறுபது தாண்டும்வரை அலைந்திருக்கிறாள்.

நைட்டிங்கேல் படத்தை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக அனுப்புங்கள். விளக்கு எப்படிப் பிடிப்பது என்று காட்டியவர் அவர். விளக்கைப் பிடித்திருப்பவர் தகுதியானவர்தானா என்று நோயாளி கேட்க வழி செய்தவர் மற்றவர். அடுத்த மே 12 அன்று அந்தப் பெயரையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

நர்சாக இருக்கும் என் பிள்ளைகள் எல்லாரும், எந்த ஆண்டு பதிவு செய்தீர்கள், முதல் வேலை எந்த ஊரில் என்று கீழே எழுதுங்கள். பதிவு எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், ஆண்டும் ஊரும் போதும். புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அந்த வேலையை முடியுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கிற மாதிரி நான் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்